பழைய டிவிக்கு ஒரு ஸ்டிக்

படம் பளிச்சென்று தெரிகிற டிவியைக்கூட, யூடியூப் வரவில்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பல வீடுகளில் எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடுகிறார்கள். அதற்குமுன் அதன் பின்பக்கத்தில் எச்டிஎம்ஐ என்று எழுதிய துளை இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

இருந்தால் அதில் யூடியூப் போன்றவற்றைக் காட்டும் ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கைச் செருகி, வீட்டு வைஃபையுடன் இணைத்தால் போதும். இந்த வகையில் 2013-ல் கூகுள் 35 டாலருக்கு குரோம்காஸ்ட்டை வெளியிட்டது. 2014-ல் அமேசானின் ஃபயர் டிவி ஸ்டிக் வந்தது. இந்தியாவில் அது 2017-ல் விற்பனைக்கு வந்தது.

சிக்கல் பெரும்பாலும் மின்சாரத்தில்தான். எச்டிஎம்ஐ துளை உறுதியாகத் தருவது 5 வோல்ட்டில் 55 மில்லிஆம்பியர் மட்டுமே. ஸ்டிக்குக்கு அது எந்த மூலைக்கும் காணாது. பழைய டிவியின் யூஎஸ்பி துளை பொதுவாக 500 மில்லிஆம்பியர்தான் தரும். அதுவும் பற்றாமல் பாதிப் படத்தில் ஸ்டிக் அணைந்து அணைந்து எரியும். உடனே ஸ்டிக் பழுது என்று கடைக்கு ஓடுகிறார்கள். பெட்டியோடு வரும் அடாப்டரைச் சுவர் பிளக்கில் மாட்டினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

கூடவே வரும் குட்டி எக்ஸ்டெண்டர் கேபிளையும் தூக்கிப் போடக் கூடாது. ஸ்டிக் டிவியின் முதுகிலிருந்து சற்றே விலகி இருந்தால் வைஃபை இன்னும் நன்றாகக் கிடைக்கும்.

மஞ்சள், வெள்ளை, சிவப்புத் துளைகள் மட்டுமே உள்ள பிக்சர் டியூப் டிவிக்கும் வழி உண்டு. ‘எச்டிஎம்ஐ டு ஏவி’ கன்வெர்ட்டர் வாங்க வேண்டும். ‘ஏவி டு எச்டிஎம்ஐ’ பார்வைக்கு அதே மாதிரி இருக்கும், ஆனால் இதற்கு உதவாது. கன்வெர்ட்டர் போட்டாலும் சின்னத் திரையில் மெனு எழுத்துகள் மங்கலாகத்தான் தெரியும். பாட்டும் படமும் பார்க்கத் தடையில்லை.