எங்கே குடியிருப்பது?

(பரிசளிப்பு விழாவில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)

 

கல்வியின் சிறப்பைப் பற்றி எனக்கு முன் பேசியவர்கள் அழகாகச் சொல்லிவிட்டார்கள். நான் சென்ற தீபாவளிக்கு மறுநாள் லாயாங் லாயாங் கோப்பிக்கடையில் நடந்த ஒரு பேச்சை உங்கள் முன் வைக்கிறேன். பேசியவர்கள் நான்கு பேர். ஒரே வகுப்பில், ஒரே பலகையில் உட்கார்ந்து படித்தவர்கள். இப்போது எல்லாருக்கும் வயது ஐம்பத்து நான்கு. ஆளுக்கொரு ஊரில் இருக்கிறோம். தேநீர் வந்ததும் பேச்சு தானாக அங்கேதான் போயிற்று: 'எந்த ஊர்ல இருக்கிறது நல்லது?'

முதல் நண்பன் ஜொகூர் பாருவில் குடியிருக்கிறான், சிங்கப்பூரில் வேலை. "காசு வருதுடா, இல்லேன்னு சொல்லலே. ஆனா நாலு மணிக்கு எழுந்து மோட்டார எடுத்தாத்தான் பாலத்தத் தாண்ட முடியும். திரும்பி வர ராத்திரி எட்டு. புள்ளைங்க வளர்ந்ததையே நான் தூக்கத்துலதான் பார்த்தேன்" என்றான். 1973 வரை நம் வெள்ளியும் சிங்கப்பூர் வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்று மாறின. இன்று அவர்கள் ஒரு வெள்ளிக்கு நம் காசு மூன்றுக்கு மேல். அந்த இழுப்புக்கு யார்தான் அசைய மாட்டார்கள்? ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் பாருங்கள். போகவர நாளைக்கு நான்கு மணி நேரம் என்றால், மாதம் 25 நாள் வேலைக்கு 100 மணி நேரம் சாலையிலேயே போய்விடுகிறது. அதற்குச் சம்பளம் தருவார் இல்லை.

இரண்டாமவன் கோலாலம்பூரில் வாடகை வீட்டில் இருப்பவன். "நீங்கள்லாம் கொடுத்து வெச்சவங்கடா. இங்க காத்தாவது சும்மா கிடைக்குது" என்று பெருமூச்சு விட்டான். நான் கூலாயில் ஒரு தாமானில் இருக்கிறேன். வங்கிக் கடன் இன்னும் முடியவில்லை. அதனால் நான் வாயைத் திறக்கவில்லை.

மூன்றாமவன் தோட்டத்தை விட்டுப் போகாதவன். செம்பனைக் குலை வெட்டுகிறான். எங்களைப் பார்த்துச் சிரித்தான். "எனக்கு வாடகை இல்லே. வேலைக்காட்டுக்குப் பத்து நிமிஷம். மத்தியானம் வீட்டுச் சோறு. வாசல்ல முருங்கை, பின்னால கோழி. உங்களவிட நான்தான்டா ராஜா" என்றான். நாங்கள் மூவரும் ஒப்புக்கொண்டோம். அன்றாட வாழ்க்கைக்கு அவனுடைய இடம்தான் சுகம்.

அப்போது சிங்கப்பூர் நண்பன் சாதாரணமாகத்தான் கேட்டான்: "சரிப்பா, அறுபது வயசுல வேலை முடிஞ்சதும் எங்க இருக்கப் போறே?"

அவன் பதில் சொல்லவில்லை. தேநீர்க் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பெற்றோர்களே, அந்த மௌனம் எனக்குப் பழக்கமானது. 1986-இல் என் தந்தையார் 55 வயதில் ஓய்வு பெற்றார். முப்பது வருடத்துக்கு மேல் பால் மரம் வெட்டியவர். லயத்து வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போனது. சேமநிதிப் பணம் அக்காள் கல்யாணத்தில் கரைந்திருந்தது. அம்மா நட்ட மாமரத்தைக் கடைசியாக ஒரு முறை தொட்டுப் பார்த்துவிட்டு, லோரியில் ஏறினோம். அதன்பின் ஆறு வருடம் உறவினர் வீட்டில் ஒரே அறையில் ஐந்து பேர் இருந்தோம். அப்பா யாரையும் குறை சொல்லவில்லை. "முப்பது வருஷம் இருந்தோம், நம்ம வீடுன்னே நெனச்சிட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

இது ஒரு குடும்பத்துக் கதை மட்டும் இல்லை. 1950-களிலும் 60-களிலும் பெரிய தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது, ஆயிரக்கணக்கானோர் வேலையையும் வீட்டையும் ஒரே நாளில் இழந்து நின்றார்கள். அதைக் கண்டுதான் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாக நடந்து, தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் சேர்த்தார். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. சிறுதுளி பெருவெள்ளம் என்பதை நம்மவர்கள் செய்து காட்டிய காலம் அது.

பின்னர் 1990-இல் தொழிலாளர் வீட்டு வசதிக்கென்று குறைந்தபட்சத் தரச் சட்டம் வந்தது. தண்ணீர், விளக்கு, கூரை எல்லாம் அதில் உண்டு. நல்ல சட்டம்தான். ஆனால் வீடு வசதியாக இருப்பது வேறு, வீடு நம் பெயரில் இருப்பது வேறு. இந்த வித்தியாசத்தை மறந்துவிடாதீர்கள்.

ஆகவே, எங்கே குடியிருப்பது என்று யோசிக்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். வேலை நின்ற மறுநாளும் அந்த வீட்டுச் சாவி நம்மிடம் இருக்குமா? போகவர எத்தனை மணி நேரம்? பக்கத்தில் தமிழ்ப்பள்ளி உண்டா?

சாவிக்கு வழி என்ன? உங்கள் சம்பளத்தில் மாதந்தோறும் 11 விழுக்காடு சேமநிதிக்குப் போகிறது. முதலாளியும் அதன் மேல் போடுகிறார். 2024 மே மாதம் முதல் அது மூன்று கணக்காகப் பிரிந்திருக்கிறது. அதில் 'செஜாத்ரா' என்னும் கணக்கிலிருந்து வீடு வாங்கப் பணம் எடுக்கலாம். 'ஃபிலெக்சிபல்' கணக்கில் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பதால், கைத்தொலைபேசி மாற்றவும் சுற்றுலா போகவும் அதைத் துடைத்துவிடுகிறோம். கொஞ்சம் பொறுங்கள். வங்கி, ஆளின் வயதைப் பார்க்கிறது. இருபத்தைந்தில் கேட்டால் நீண்ட தவணை தரும். ஐம்பத்தைந்தில் கேட்டால் தயங்கும். இளைஞர்களே, இது உங்களுக்குச் சொல்வது.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். நம் பள்ளிகள் குடியிருப்பைத் தொடர்ந்து வந்தவை. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. சுதந்திரம் பெற்ற 1957-இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 530 அளவில் இருக்கின்றன. ஆள் போன இடத்துக்குப் பள்ளி உடனே போவதில்லை. அதனால் வீட்டுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன், அங்கிருந்து தமிழ்ப்பள்ளி எத்தனை மைல் என்று விசாரியுங்கள். குழாய்த் தண்ணீர் வருகிறதா என்று கேட்கிறோம் அல்லவா? அதைப் போலத்தான் இதுவும்.

எல்லாரும் ஊரை விட்டு ஓட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 1909-இல் கெமாசிலிருந்து ஜொகூர் பாரு வரை போட்ட நம் ரயில் பாதையில், 2025 டிசம்பர் முதல் மின்சார விரைவு ரயில் ஓடுகிறது. செனாயில் தொழிற்சாலைகள் இருக்கின்றன. சிடெனாக்கில் தரவு மையங்கள் எழும்புகின்றன. வேலை நம்மை நோக்கி வருகிறது. படிப்பு இருந்தால், பிள்ளைகள் இந்த வட்டாரத்திலேயே வீடு வாங்கி, பெற்றோரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

என் தோட்டத்து நண்பன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். ஐம்பது வயதில் எடுத்த சேமநிதிப் பணம் அவனுக்கும் மகள் கல்யாணத்தில் முடிந்துவிட்டது. ஆனால் மகன் செனாயில் வேலை செய்கிறான், வயது இருபத்தாறு. இரண்டு பேரும் வங்கிக்குப் போய் வந்திருக்கிறார்கள். பதில் இன்னும் வரவில்லை. "கெடைக்குமாடா?" என்று வாரம் ஒரு தடவை என்னைக் கேட்கிறான். கிடைக்க வேண்டும் என்று நானும் வேண்டிக்கொள்கிறேன்.

செல்வங்களே, கடைசியாக உங்களுக்கு ஒரு வார்த்தை. 'லாயாங் லாயாங்' என்றால் மலாய் மொழியில் பட்டம் என்று உங்களுக்குத் தெரியும். தமிழில் பட்டம் என்பது காற்றில் பறப்பது மட்டுமா? படித்து வாங்குவதும் பட்டம்தான். இந்த ஊர்ப் பிள்ளைகள் இரண்டாவது பட்டத்தையும் பிடிக்க வேண்டும். எவ்வளவு உயரம் வேண்டுமானாலும் பறந்து போங்கள். நூலைப் பிடித்துக்கொண்டு கீழே உங்கள் அப்பாவும் அம்மாவும் நிற்கிறார்கள். அவர்கள் நிற்க ஒரு வாசல் வேண்டும். அதை நீங்கள் கட்டிக் கொடுங்கள்.

பரிசு பெறும் அனைவருக்கும் வாழ்த்து. பெறாதவர்களுக்கு இரட்டிப்பு வாழ்த்து. அடுத்த ஆண்டு உங்களுடையது.