தலையெழுத்தும் நரம்பும்

(பெற்றோர்களும் உபாத்தியாயர்களும் கூடிய கூட்டத்தில் பேசியது)



பிள்ளைகளுக்கு நரம்புகளைப் பற்றி எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்பது இன்று நம்மைப் பேசும்படி கேட்டுக்கொண்ட விஷயமாகும். இது டாக்டர்கள் பேச வேண்டிய சங்கதியாயிற்றே, நமக்கென்ன என்று உங்களில் சிலர் நினைக்கலாம். வைத்தியம் செய்வதுதான் டாக்டர்கள் வேலை. தன் உடம்பு எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்வது உடம்பு படைத்த ஒவ்வொருவருடைய வேலையுமாகும். அது தெரியாத இடத்தில்தான் பேயும் பிசாசும் குடியேறுகின்றன.

நம் வீடுகளில் தலையைப் பற்றிப் பிள்ளைக்கு முதன்முதல் சொல்லிக் கொடுக்கும் பாடம் என்ன? “எல்லாம் தலையெழுத்து” என்பதுதானே! மண்டையோட்டில் கோணல்மாணலாய் ஓடும் கோடுகளைக் கண்டவர்கள், இதுதான் பிரமன் எழுதின எழுத்து என்று சொல்லிவந்தார்கள். அந்தக் கோடுகள் என்ன? மண்டை ஒரே எலும்பல்ல. பல எலும்புத் தகடுகள் பல்லோடு பல் கோத்துச் சேர்ந்தது. சேர்ந்த இடந்தான் அந்தக் கோடு. கைக்குழந்தையின் உச்சியைத் தொட்டுப் பார்த்த தாய்மார்களுக்கு, அங்கே மெத்தென்று ஓரிடம் இருப்பது தெரியும். அந்த இடத்தில் எலும்பு இன்னும் கூடவில்லை. ஏறக்குறைய ஒன்றரை வயதில் கூடிவிடுகிறது. பிறக்கும்போது தலை நெருங்கி வெளிவருவதற்கும், பிறந்த பின் மூளை வளருவதற்கும் அந்த இடைவெளி உதவுகிறது. இதே கோடு அரசன் மண்டையிலும் இருக்கிறது, கூலிக்காரன் மண்டையிலும் இருக்கிறது, ஆட்டு மண்டையிலும் இருக்கிறது. ஆட்டுக்கும் பிரமன் விதி எழுதினானா? தச்சன் பலகையைப் பொருத்தின வாயை எழுத்து என்று வாசிப்பவனுடைய புத்தியை என்னவென்று சொல்லுவது?

ஆகவே, ஓட்டின்மேல் இருக்கும் கோட்டை விட்டுவிட்டு உள்ளே இருப்பதைப் பிள்ளைக்குக் காட்ட வேண்டும். வளர்ந்த மனிதனுடைய மூளை சுமார் 1.4 கிலோ எடையுள்ளது. அதில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. மூளையிலிருந்து 12 ஜோடி நரம்புகளும், முதுகெலும்புக்குள் இறங்கும் தண்டுவடத்திலிருந்து 31 ஜோடி நரம்புகளும் கிளைத்து உடம்பெங்கும் போகின்றன. ஆனால், தோழர்களே, இந்தக் கணக்கை ஒப்பிக்கச் சொல்லிப் பிரம்பெடுத்தால் அது கல்வியாகிவிடுமா? மந்திரத்தை மனப்பாடம் செய்த இடத்தில் நரம்பின் பெயரை மனப்பாடம் செய்வதால் என்ன லாபம்? பிள்ளை தானே செய்து பார்த்துத் தானே கண்டுபிடிக்க வேண்டும். அதற்குக் காசு வேண்டியதில்லை.

ஓர் அளவுகோலை எடுங்கள். ஒரு பிள்ளை அதன் மேல்முனையைப் பிடித்துக்கொள்ளட்டும். மற்றொரு பிள்ளை அதன் அடிமுனையில் விரல்களை விரித்து வைத்திருக்கட்டும். சொல்லாமல் விட்டுவிட்டால், எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளையும் விட்டவுடனே பிடிக்க முடியாது. கோல் 20 சென்டிமீட்டர் விழுந்தபின் பிடித்தால், நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் சென்றது என்று அர்த்தம். கண் கண்டதை மூளை அறிந்து, கைக்கு உத்தரவு போய்ச் சேர அவ்வளவு நேரம் பிடிக்கிறது.

பிறகு இரண்டு ஈர்க்குகளைச் சற்று இடைவிட்டுப் பிடித்து, கண்மூடியிருக்கும் பிள்ளையின் விரல்நுனியில் மெதுவாய் வையுங்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளியிருந்தாலே, இரண்டு என்று சொல்லிவிடும். முதுகில் அதே போல் வைத்தால் ஒன்றே என்று சொல்லும். விரல்நுனியில் தொடு உணர்ச்சி நரம்புகள் நெருக்கமாயிருக்கின்றன, முதுகில் அப்படியில்லை.

சுடுசட்டியில் கை பட்டால் “சுடுகிறது” என்று உணருவதற்கு முன்பே கை பின்வாங்கிவிடுகிறதல்லவா? அந்த உத்தரவைத் தண்டுவடமே கொடுத்துவிடுகிறது. மூளைக்குச் செய்தி பிறகுதான் எட்டுகிறது.

நரம்பில் செய்தி போகும் வேகத்தை அளக்கவே முடியாது என்று ஜெர்மனியில் ஜோகன்னஸ் முல்லர் என்ற பெரிய பேராசிரியர் கருதியிருந்தார். அவருடைய மாணவரான ஹெல்ம்ஹோல்ட்ஸ் அப்படியே நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. 1850ஆம் வருஷத்தில் தவளையின் நரம்பை வைத்து அளந்தார். நொடிக்குச் சுமார் 27 மீட்டர் என்று கண்டார். குரு சொன்னதையும் சோதித்துப் பார்க்கிறவனே நல்ல மாணவன் என்பதையும் இந்தப் பாடத்தோடு சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள்.

இதெல்லாம் வேடிக்கைக்காக அல்ல. ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்குக் காக்காய் வலிப்பு வந்து விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஜனங்கள் என்ன செய்கிறார்கள்? சாவிக்கொத்தைக் கையில் திணிக்கிறார்கள்; பல்லுக்கிடையில் எதையாவது செருகுகிறார்கள்; மறுநாள் மந்திரவாதியிடம் கொண்டுபோய் வேப்பிலையால் அடிக்கிறார்கள். பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிஷங்களில் தாமாகவே நின்றுவிடும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாய், இரும்புக்குப் பெயர் வந்துவிடுகிறது!

மூளையின் நரம்பணுக்களில் ஓடும் மின்சாரம் ஒழுங்கு தவறி, திடீரென்று ஒரே கூட்டமாய்க் கிளம்புவதுதான் வலிப்பு. மனித மூளையின் மின்னோட்டத்தை 1924இல் ஹான்ஸ் பெர்கர் என்பவர் முதன்முதல் பதிவு செய்தார். இந்நோய் தெய்வத்தால் வருவதல்ல, மூளையிலிருந்து வருவதே என்று கிரேக்க தேசத்தில் ஹிப்போக்ரட்டீஸ் பெயரால் வழங்கும் நூல் ஏறக்குறைய 2,400 வருஷங்களுக்கு முன்பே சொல்லிவிட்டது. 1912 முதல் வழங்கிவரும் மலிவான மருந்துகூட இருக்கிறது. சரியான வைத்தியம் செய்தால் 100க்கு 70 பேர் வரை வலிப்பில்லாமல் வாழலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிறது. இப்படியிருந்தும், 1999ஆம் வருஷத்தில் திருத்தப்படும் வரையில், இந்து திருமணச் சட்டம் திரும்பத் திரும்ப வலிப்பு வருவதைக் கலியாணத்துக்கே ஒரு தடையாக வைத்திருந்தது. சட்டம் திருந்தினாலும், பெண் வீடும் மாப்பிள்ளை வீடும் திருந்தினவா? எத்தனை பெண்கள் பயந்து, நோயை மறைத்து, மருந்தையும் ஒளித்துத் தின்கிறார்கள்!

நரம்புப் பாடம் படித்த பிள்ளை, பக்கத்திலிருக்கும் பிள்ளை விழுந்தால் பேய் என்று ஓடாது. ஒருக்களித்துப் படுக்க வைக்கும், கழுத்துப் பொத்தானைத் தளர்த்தும், வாயில் எதையும் வைக்காது, தண்ணீரும் ஊற்றாது, கைகாலை அமுக்கிப் பிடிக்காது, கடிகாரத்தைப் பார்க்கும், ஐந்து நிமிஷத்துக்குமேல் போனால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லும். எழுந்தபின் அப்பிள்ளையைப் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொள்ளும். இதைவிடப் பெரிய கல்வி எது?

தோழர்களே! கற்கும்போதும் பழகும்போதும் நரம்பணுக்களுக்கிடையே உள்ள இணைப்புகள் மாறுகின்றன. பயத்தைப் பழக்கினால் பயம் பதியும். விசாரிக்கப் பழக்கினால் விசாரணை பதியும். தலையில் ஏதாவது எழுத்து இருக்குமானால் அது இதுதான். அதை எழுதுகிறவர்கள் தாய் தகப்பன்மாரும், உபாத்தியாயர்களும், அந்தப் பிள்ளையுமேயல்லாமல் வேறொருவரும் அல்லர்.

நாம் சொன்னோம் என்பதற்காக இவற்றை நம்பிவிட வேண்டாம். இன்றிரவே உங்கள் பிள்ளையின் கையில் ஓர் அளவுகோலைக் கொடுத்துச் சோதித்துப் பார்த்துவிட்டு, சரியென்று பட்டதை மாத்திரம் ஒப்புக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டு முடித்துக்கொள்ளுகிறோம்.