தெருவும் ஒரு பாடநூல்
(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நகரங்களைப் பற்றிய பாடத்தில் மக்கள்தொகை, பரப்பளவு, தொழில்கள் என்று எழுதிப்போட்டு முடித்துவிடுகிறோம். சென்ற ஆண்டு எட்டாம் வகுப்பில் வேறு மாதிரி முயன்றேன். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை அதன் தெருக்கள் வழியாகவும் துரித உணவுக் கடைகள் வழியாகவும் பார்த்தோம்.

அது காரை நம்பி விரிந்த நகரம். முன்பு அங்கே டிராம் வண்டிகள் நிறைய ஓடின. 1963இல் கடைசி டிராமும் நின்றது. வீடு ஒரு மூலை, வேலை ஒரு மூலை என்றான பிறகு, சாப்பாடும் சாலையோரத்துக்கு வந்தது. 1948இல் அருகிலுள்ள சான் பெர்னார்டினோவில் மெக்டொனால்ட் சகோதரர்கள் பரிமாறும் ஆட்களை நிறுத்தி, உணவு வகைகளைக் குறைத்து, 15 சென்டுக்கு ஹாம்பர்கர் விற்றார்கள். அதே ஆண்டு பால்ட்வின் பார்க்கில் 'இன்-அன்ட்-அவுட்' கடை, காரில் இருந்தபடியே ஒலிபெருக்கியில் சொல்லி வாங்கும் முறையைக் கொண்டுவந்தது.

அடுத்து, தெற்கு லாஸ் ஏஞ்சல்ஸ். கறுப்பின மக்களும் லத்தீன் அமெரிக்க வழியினரும் மிகுதியாக வாழும் பகுதி. 1965, 1992 கலவரங்களில் பல கடைகள் எரிந்தன. பெரிய காய்கனி அங்காடிகள் அங்கே குறைவு. துரித உணவுக் கடைகளோ தெருவுக்குத் தெரு. 2008இல் நகர மன்றம், அப்பகுதியில் தனிக் கட்டடத்தில் புதிய துரித உணவுக் கடை திறக்கத் தடை விதித்தது.

பலன்? 2015இல் ராண்ட் ஆய்வு நிறுவனம் முடிவை வெளியிட்டது. உடல் பருமன் குறையவில்லை. நகரின் மற்ற பகுதிகளைவிடக் கூடுதலாகவே உயர்ந்திருந்தது.

"தடை போட்டும் ஏன் டீச்சர் குறையல?" என்று ஒரு மாணவி கேட்டாள். பதிலை நான் சொல்லவில்லை. குழந்தைகளே கண்டுபிடித்தார்கள். பழைய கடைகள் அப்படியே இருந்தன. வணிக வளாகத்துக்குள் புதிய கடை திறக்கத் தடையில்லை. சிப்ஸும் குளிர்பானமும் விற்கும் சிறு கடைகளை யாரும் தொடவில்லை. "வேண்டாம்னு சொன்னாங்க, வேற என்ன சாப்பிடுறதுன்னு சொல்லலியே" என்றான் ஒரு பையன். அந்த வகுப்பில் நான் கற்றுக்கொண்ட பாடம் அது.

அதே பகுதியில் ரான் ஃபின்லி என்பவர் 2010இல் தன் வீட்டுக்கு முன், நடைபாதைக்கும் சாலைக்கும் இடைப்பட்ட மண்ணில் காய்கறி பயிரிட்டார். அது நகராட்சி நிலம் என்று நோட்டீஸ் வந்தது. மக்கள் அவர் பக்கம் நின்றார்கள். பின்னர் விதியே மாறியது. ஒரு முழத் தெருவோரம் ஒரு நகரத்தின் சட்டத்தை மாற்றியது என்றதும் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது.

நம் நாட்டிலும் 2020ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைப்படி, கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும் அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் விற்கக்கூடாது. விதி தேவைதான். ஆனால் 51ஆவது மீட்டரில் குழந்தைக்கு என்ன கிடைக்கிறது?

எனவே ஒரு வேண்டுகோள். "அதைத் தின்னாதே" என்று சொல்வதற்கு முன், வீட்டிலிருந்து பள்ளிவரை உள்ள தெருவை மாணவர்களை வரையச் சொல்லுங்கள். எந்தக் கடையில் என்ன, பழம் எங்கே, குடிநீர் எங்கே, ஐந்து ரூபாய்க்கு எது கிடைக்கும் என்று குறிக்கட்டும். அந்த வரைபடத்தைப் பார்த்த பிறகு நாம் குழந்தையைக் குறை சொல்வது குறையும். கேட்க வேண்டிய இடத்தில் கேள்வி கேட்கக் குழந்தையும் கற்றுக்கொள்ளும்.