மைதானம் கொடுத்தவரும் ஆடக் கற்பித்தவரும்

(பங்கின் ஜூபிலி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

ஜூபிலி விழாவில் விளையாட்டைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். புனித சின்னப்பர் விசுவாச வாழ்வை ஓட்டப் பந்தயத்துக்கு ஒப்பிட்டு எழுதியிருக்கிறார். புனித தொன் போஸ்கோ தெருவில் திரிந்த சிறுவர்களை முதலில் விளையாட்டுக்குத்தான் அழைத்தார். ஆகவே நான் விளையாட்டைப் பற்றிப் பேசுவதில் தவறில்லை என்று நம்புகிறேன்.

நம் ஆண்டவர் பாடுபட்ட எருசலேம் நகரிலிருந்து தொடங்குகிறேன். அந்நகரில் 2017-ஆம் ஆண்டு ஒரு பெரிய விளையாட்டு வளாகம் திறக்கப்பட்டது. அதற்கு ஏறக்குறைய 60 லட்சம் டாலர் நன்கொடை கொடுத்தவர் ராபர்ட் கிராஃப்ட் என்ற அமெரிக்கச் செல்வந்தர். அவர் யூத மதத்தினர். அமெரிக்காவில் ஒரு புகழ்பெற்ற கால்பந்து அணியின் உரிமையாளர். அமெரிக்கக் கால்பந்து ஆடுவதற்கான முழு அளவு மைதானம் இஸ்ரேல் நாட்டில் அமைந்தது அதுவே முதல் தடவை.

அமெரிக்கக் கால்பந்து என்பது நம் பிள்ளைகள் உதைத்து ஆடும் பந்தாட்டம் அல்ல. பெயர்தான் கால்பந்து, பெரும்பாலும் கையால்தான் எறிவார்கள், ஏந்திக்கொண்டு ஓடுவார்கள். பந்து உருண்டையாக இராது, இரு முனையும் கூர்ந்திருக்கும். அணிக்கு 11 பேர். 4 முயற்சிக்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும். இல்லாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். எதிரியின் எல்லைக்குள் புகுவதும், புகுந்தவனைப் பிடித்து அமுக்குவதும் நம் சடுகுடு ஆடியவர்களுக்குப் புதிதல்ல. ஆனால் தலைக்கவசமும் தோள்காப்பும் வேண்டும், செலவு அதிகம்.

அந்தச் செலவில்லாமல் ஆட ஒரு வழியும் உண்டு. இடுப்புப் பட்டையில் கொடிபோல் ஒரு துணி தொங்கும்; அதை உருவிவிட்டால் ஆள் பிடிபட்டதாகக் கணக்கு. அணிக்கு 5 பேர் போதும். முட்டல் மோதல் இல்லை, பெண்களும் ஆடுகிறார்கள். 2028-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் இந்தக் கொடிக் கால்பந்து ஆண், பெண் இருபாலருக்கும் சேர்க்கப்பட்டிருக்கிறது.

எருசலேமில் அந்த மைதானம் வந்ததனால் நாட்டுச் சண்டை தீர்ந்துவிட்டதா? இல்லை. அதை நாம் அறிவோம். ஆயினும் யூதரும் அரபியரும் ஒரே அணியில் தோளோடு தோள் நின்று ஆடியதுண்டு. அது சிறிய காரியம்தான், ஆனால் வெறும் காரியமல்ல.

நம் பக்கத்திலும் பணத்தோடு இந்த ஆட்டம் வந்தது. 2012-இல் அமெரிக்கர்கள் முதல் போட்டு, இந்திய, இலங்கை அணிகளை வைத்து ஒரு போட்டித் தொடர் நடத்தினார்கள். அது வேர் பிடிக்கவில்லை. ஆனால் அமெரிக்காவில் பிறந்த வேறொரு ஆட்டம் நம் ஊர்த் தெருவெல்லாம் பரவிக் கிடக்கிறதே, அது எது? கைப்பந்து! 1895-இல் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் வில்லியம் மார்கன் என்பவர் கண்டுபிடித்தது. கூடைப்பந்தும் அதே மாநிலத்தில் 1891-இல் பிறந்ததுதான்.

இவை இங்கே வேரூன்ற உழைத்தவர்களில் ஒருவரை இன்று நினைக்க வேண்டும். ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் சென்னைக்கு வந்து, 1920-இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். அது இன்றும் நந்தனத்தில் நடக்கிறது. 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய வீரர்களை அழைத்துச் சென்றவரும் அவரே. 1943-இல் மறையும்வரை இந்த மண்ணுக்கே உழைத்தார். அவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவரல்லர், பிரிந்த சகோதரர். ஆனால் அவர் செய்தது கிறிஸ்தவப் பணி என்பதில் எனக்கு ஐயமில்லை. அவர் மைதானத்தோடு நிற்கவில்லை, ஆசிரியர்களை உருவாக்கினார். அவர்கள் பள்ளிக்குப் பள்ளி போனார்கள். விசிலோடு நின்ற டிரில் மாஸ்டரை நம் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

கொடுப்பவர் வேண்டும், கூட நிற்பவரும் வேண்டும். கொடுப்பவர் மட்டும் இருந்தால் மைதானத்தில் முள் முளைக்கும். கூட நிற்பவர் இருந்தால், இரண்டு கம்பும் ஒரு வலையும் போதும்.

இனி நம் பங்குக்கு வருகிறேன். கோயிலுக்குப் பின்னால் உள்ள காலி இடத்தில் ஜூபிலி நினைவாகக் கடைகள் கட்டி வாடகைக்கு விடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. மழையை நம்பிச் சோளமும் கடலையும் போடும் ஊர் இது. கோயில் செலவுக்கு நிலையான வருமானம் வேண்டாமா? வேண்டும்தான். ஆனால் சாயங்காலம் அந்த இடத்தைப் போய்ப் பாருங்கள். மேலத்தெருப் பையனும் கீழத்தெருப் பையனும் ஒரே வலைக்கு ஒரே பக்கம் நிற்பதை வேறெங்கே காண்கிறோம்? பூசையில் ஒரே அப்பத்தில் பங்குகொள்ளும் நாம், வெளியே வந்ததும் தெருவாரியாகப் பிரிந்து போகிறோம். பந்து மட்டும் யார் எந்தத் தெரு என்று கேட்பதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அங்கே நம் பெண்பிள்ளைகளை நான் பார்த்ததில்லை. மில்லுக்குப் போகும் பிள்ளைக்கு இயந்திரத்தின் முன் நிற்கத்தான் கால் இருக்கிறதா? ஓடவும் கால் உண்டல்லவா? வாரத்தில் இரண்டு மாலை அவர்களுக்கென்று ஒதுக்குங்கள். தாய்மார்கள் உடன் வந்து உட்காருங்கள்.

நமக்குக் கிராஃப்ட் போன்ற செல்வந்தர் வரமாட்டார். வரவும் வேண்டாம். இடம் இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள். நம்மில் ஆடத் தெரிந்த ஒருவர் மாலையில் ஒரு மணி நேரம் கொடுத்தால் போதும். அடுத்த ஜூபிலியில் இங்கே நின்று பேசுகிறவர், அந்த ஒருவரின் பெயரை நன்றியோடு சொல்லட்டும்.

இறைவன் நம் பங்கை ஆசீர்வதிப்பாராக.