அடைக்கலமும் அரசநீதியும்



‘அகதி’ என்னும் சொல்லைச் சற்றே பிரித்துப் பார்ப்போம். கதி என்றால் செல்லும் வழி. சென்று சேரும் இடம். வழியும் இடமும் அற்றவர் அகதி. அவருக்குத் தமிழ் வைத்திருக்கும் மறுமொழி ‘அடைக்கலம்’. சிலப்பதிகாரத்தில் ஒரு காதைக்கே அடைக்கலக் காதை என்று பெயர். மதுரையின் புறநகரில், கவுந்தியடிகள் என்னும் சமணத் துறவி கண்ணகியை மாதரி என்னும் ஆய்ச்சியிடம் ஒப்படைக்கிறார். மாதரி பெருஞ்செல்வம் படைத்தவள் அல்லள். எனினும் அவள் இருக்க மனை தந்தாள். தன் மகள் ஐயையைத் துணையாகவும் தந்தாள். அன்பில் ஒரு குறையும் இல்லை. ஆயினும் நடந்தது என்ன? கோவலனை அழைத்து ஒரு சொல்லும் கேளாமலே அரண்மனையில் தீர்ப்புக் கூறப்பட்டது. மாதரியின் அன்பால் அதனைத் தடுக்க இயலவில்லை.

இக்கதையிலிருந்து ஓர் உண்மையை நான் உணர்கிறேன். இருக்க இடம் தருவது மக்களால் இயலும். வந்தவரின் உயிரைக் காப்பதோ அரசின் நீதியைப் பொறுத்தது. அப்படியானால் மக்களின் இரக்கத்தை அரசின் விதியாக மாற்றுவோர் யார்? பெரும்பாலும் பொதுநலச் சங்கங்களே என்பது என் விடை. அது எவ்வாறு நிகழ்கிறது என்பதைக் கனடா நாட்டின் வரலாற்றைக் கொண்டு விளக்க விரும்புகிறேன்.

அந்நாட்டின் வாயில் எக்காலத்தும் திறந்திருந்ததில்லை. 1939-ஆம் ஆண்டு, இட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பிய யூதர்கள் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோர் ‘செயின்ட் லூயிஸ்’ என்னும் கப்பலில் அட்லாண்டிக் கடலைக் கடந்து வந்தனர். கியூபா அவர்களை ஏற்கவில்லை. அமெரிக்க ஐக்கிய நாடும் ஏற்கவில்லை. டொராண்டோ நகரத்துப் பெரியோர் சிலர் ஒன்றுகூடி, இவர்களுக்குக் கனடாவில் இடம் தருமாறு பிரதமர் மெக்கன்சி கிங்குக்கு வேண்டுகோள் அனுப்பினர். அது செவியேறவில்லை. கப்பல் ஐரோப்பாவுக்கே திரும்பியது. பயணிகளுள் 254 பேர் பின்னர் நாஜிகளின் கொடுமைக்கு இரையாயினர். நல்லோர் சிலரின் குரல் அன்றும் ஒலிக்கத்தான் செய்தது. ஆனால் அக்குரலைத் தாங்குவதற்குச் சட்டத்தில் ஓர் இடமும் இல்லை. நாடு முழுவதும் பரவிய அமைப்பும் இல்லை.

நாற்பது ஆண்டுகள் கழிந்தன. வியட்நாம், லாவோஸ், கம்போடியா ஆகிய நாடுகளிலிருந்து மக்கள் இலட்சக்கணக்கில் வெளியேறினர். பலர் சிறு படகுகளில் ஏறிக் கடலில் இறங்கினர். இம்முறை கனடாவின் சட்டத்தில் ஒரு சிறு கதவு இருந்தது. 1978-இல் நடைமுறைக்கு வந்த குடிவரவுச் சட்டம், குடிமக்கள் ஐவரோ அதற்கு மேற்பட்டோரோ கூடி, ஓர் அகதிக் குடும்பத்துக்குப் பொறுப்பேற்க இடம் தந்தது. ஓராண்டுக் காலம் அக்குடும்பத்துக்கு வீடு பார்த்துத் தரவேண்டும்; உணவு, உடைச் செலவை ஏற்கவேண்டும்; குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்கவேண்டும்; பெரியவர்களுக்கு வேலை தேட உதவவேண்டும்.

சட்டத்தில் கதவு இருந்தால் மட்டும் போதுமா? அதைத் திறப்பவர் வேண்டுமல்லவா? 1979-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மென்னோனைட் என்னும் கிறிஸ்தவப் பிரிவினரின் மத்தியக் குழு, அரசாங்கத்தோடு முதல் ஒப்பந்தத்தைச் செய்துகொண்டது. ஒவ்வோர் ஊரிலும் உள்ள சபை தனித்தனியே அலையாமல், தலைமை அமைப்பின் பொறுப்பில் அகதிகளை வரவழைக்க அது வழிசெய்தது. அம்மக்களுள் பலர் 1920-களில் ருஷ்யாவை விட்டுத் தாமே அடைக்கலம் தேடி வந்தவர்களின் வழியினர் என்பது நினைவில் வைக்கத்தக்கது. பிற திருச்சபைகளும் அவ்வழியைப் பின்பற்றின. ஆட்டவா நகரம் தன் பங்குக்கு 4,000 பேரை ஏற்க முன்வந்தது. அச்சமயத்தில் வரலாற்றாசிரியர் இருவர், யூத அகதிகளைக் கனடா கைவிட்ட கதையை ஆராய்ந்து எழுதிக்கொண்டிருந்தனர். அவ்வாராய்ச்சி அச்சேறி நூலாகும் முன்னரே குடிவரவு அமைச்சர் ரான் ஆட்கியின் கைக்கு எட்டியது. அதே பழி தம் காலத்திலும் சூழவேண்டாம் என்று அவர் எண்ணினார்.

அவ்வாண்டு ஜூலையில் அரசாங்கம் 50,000 பேரை ஏற்பதாக அறிவித்தது. மக்கள் ஓர் அகதிக்குப் பொறுப்பேற்றால் அரசும் ஓர் அகதிக்குப் பொறுப்பேற்கும் என்றது. 1980-ஆம் ஆண்டு முடிவதற்குள் ஏறக்குறைய 60,000 பேர் வந்து சேர்ந்தனர்; அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோரை வரவழைத்தவர்கள் பொதுமக்களே. 1986-இல் நான்சென் பதக்கம் கனடா நாட்டு மக்கள் அனைவருக்குமாக வழங்கப்பட்டது.

இது அழைத்து வரப்பட்டவர்களின் கதை. தாமாக எல்லையை வந்தடைந்து, ‘என்னைத் திருப்பி அனுப்பாதீர்கள்’ என்று கேட்பவரின் நிலை வேறு. அக்காலத்தில் ஓர் அதிகாரி அவரை விசாரித்து, வாக்குமூலத்தைத் தட்டச்சில் பதிவு செய்வார். அத்தாள்கள் ஒரு குழுவுக்குச் செல்லும். குழு அமைச்சருக்கு ஆலோசனை கூறும். விண்ணப்பம் செய்தவரின் முகத்தைப் பாராமல், குரலைக் கேளாமல் முடிவு செய்யப்படும். கோவலனுக்கு நேர்ந்தது இங்கும் நேரக்கூடுமன்றோ?

இம்முறையை எதிர்த்துச் சிலர் நீதிமன்றம் சென்றனர். அவர்களுள் பெரும்பாலோர் இந்தியாவிலிருந்து சென்ற சீக்கியர்கள். ‘சிங் வழக்கு’ என வழங்கும் அவ்வழக்கில், கனடா சீக்கியச் சங்கங்களின் கூட்டமைப்பும் கனடா திருச்சபைகளின் மன்றமும் இடையீட்டாளர்களாகத் தோன்றி வாதாடின. குருத்துவாராவும் தேவாலயமும் ஒரே பக்கத்தில் நின்றன. 1985-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒருவர் சொல்வது மெய்யா பொய்யா என்பதே கேள்வியாக இருக்கும்போது, முடிவு செய்வோர் அவரை நேரில் கேட்டேயாக வேண்டும் என்றது. கனடா மண்ணில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் உரிமைச் சாசனத்தின் காப்பு உண்டு என்றார் நீதிபதி பெர்த்தா வில்சன். விளைவாகப் பழைய முறை மாறியது. 1989-ஆம் ஆண்டு தொடக்கத்தில் குடிவரவு, அகதிகள் வாரியம் அமைந்தது. 1983-ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின் கனடாவை அடைந்த ஈழத் தமிழர் ஆயிரக்கணக்கானோரும், தம் துயரத்தைத் தம் வாயாலேயே எடுத்துரைக்கும் வாய்ப்பை இத்தகைய விசாரணைகளில் பெற்றனர்.

1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை, இனம், மதம், தேசியம், சமூகக் குழு, அரசியல் கருத்து ஆகிய ஐந்து காரணங்களைக் கூறுகிறது. பெண் என்பதற்காகவே ஒருத்தி துன்புறுத்தப்பட்டால்? அச்சொல் அப்பட்டியலில் இல்லை. சவூதி அரேபியப் பெண் ஒருவரின் விண்ணப்பம் கனடாவில் மறுக்கப்பட்டபோது, மகளிர் அமைப்புகளும் மனித உரிமை அமைப்புகளும் இக்கேள்வியை விடாது எழுப்பின. அமைச்சர் அப்பெண் தங்குவதற்கு இசைந்தார். 1993-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாரியம், பெண்களின் விண்ணப்பங்களை எவ்வாறு ஆராய்வது என்னும் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. உலகில் இவ்வாறு செய்த முதல் நாடு கனடாவே. உடன்படிக்கையில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அதைப் படிக்கும் கண் மாறியது.

சங்கங்கள் எப்போதும் வென்றன என்று எண்ணிவிட வேண்டாம். அமெரிக்க எல்லை வழியாக வரும் அகதிகளை அங்கேயே திருப்பி அனுப்ப வகைசெய்யும் ஓர் ஒப்பந்தம் 2004-ஆம் ஆண்டு இறுதியில் நடைமுறைக்கு வந்தது. கனடா அகதிகள் மன்றமும், பன்னாட்டு மன்னிப்புச் சபையும், திருச்சபைகளின் மன்றமும் அதனை எதிர்த்து வழக்காடின. 2007-இல் வென்றன, 2008-இல் மேல்முறையீட்டில் தோற்றன. மீண்டும் 2020-இல் வென்றன, 2021-இல் தோற்றன. 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதம் உச்ச நீதிமன்றம், ஒப்பந்தம் உயிர், சுதந்திர உரிமைகளுக்கு முரணானது அன்று எனத் தீர்ப்பளித்தது. எனினும், ஆபத்துக்குள்ளாவோரைக் காக்கச் சட்டத்திலுள்ள விலக்குகளை அதிகாரிகள் பயன்படுத்தவேண்டும் என்றும் வலியுறுத்தியது. ஆண், பெண் சமத்துவம் பற்றிய கேள்வியைக் கீழ் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது.

இங்கே உங்களுள் சிலருக்கு ஓர் ஐயம் எழலாம். மக்கள் வாக்களித்து அமைத்த அரசு இருக்க, யாரும் தேர்ந்தெடுக்காத சங்கங்கள் அதன் கொள்கையில் கைவைப்பது முறையா? நியாயமான ஐயமே. வீடு, வேலை, வரிப்பணம் எல்லாவற்றையும் எடைபோட வேண்டிய கடமை அரசுக்கு உண்டு. ஆனால் நான் கூறிய ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் முடிவு செய்தது அமைச்சரோ, நீதிமன்றமோ, வாரியமோ தான். சங்கங்கள் செய்தது உண்மையை அவர்கள் முன் வைத்ததே. மேலும், அகதிச் சட்டத்தால் எவருடைய உயிர் நிலைக்கிறதோ அழிகிறதோ, அவருக்கு அந்நாட்டில் வாக்கு இல்லை. அவருக்காகப் பேச ஒருவர் வேண்டும்.

வேறோர் அபாயமும் உண்டு. மக்கள் பொறுப்பேற்கப் பொறுப்பேற்க, அரசு தன் பங்கைக் குறைத்துக்கொள்ளக் கூடும். ஆகவேதான், தாங்கள் வரவழைப்போர் அரசு ஏற்போருக்கு மேலதிகமாக இருக்கவேண்டுமேயன்றி அவர்களுக்கு ஈடாக ஆகிவிடக் கூடாது என்று கனடாவின் சங்கங்கள் வலியுறுத்தி வருகின்றன.

மாணவர்களே, இவ்வேலையில் மேடை முழக்கம் சிறு பகுதியே. வந்தவரின் மொழியை அறிந்து பெயர்த்துச் சொல்வது, அவர் கூறியதைத் தேதி பிழையாமல் எழுதி வைப்பது, சட்டத்தைப் பொறுமையாகப் படிப்பது, தோற்ற வழக்கை மறுபடியும் தொடங்குவது ஆகியவையே பெரும்பகுதி. இவை யாவும் கல்வி கற்றோர் செய்யக்கூடியவை. இரக்கம் இயல்பாகவே பலருக்கு உண்டு. அது ஒரு நாள் கண்ணீரோடு வற்றிவிடாமல், முன்பின் அறியாத ஒருவருக்கும் நாளை பயன்படும் விதியாக நிலைபெற வேண்டுமானால், அதற்கு உங்கள் படிப்பும் உழைப்பும் வேண்டும்.