பெட்டிக்குள் எத்தனை அடி?

இன்று பட்டம் பெறும் ஓவிய, சிற்ப, கட்டடக்கலை மாணவர்களே!

பரந்த உலகம் உங்களுக்காகக் காத்திருக்கிறது என்று தொடங்குவது இந்த மேடையின் வழக்கம். உண்மையில் உங்களில் பலருக்காகக் காத்திருப்பது பத்துக்குப் பத்து வாடகை அறை. அதிலும் பாதியை இன்னொருவர் எடுத்துக்கொள்வார். அதனால் பரந்த உலகத்தை விட்டுவிட்டு, மடியில் வைத்துக்கொள்ளக்கூடிய பெட்டிகளைப் பற்றிப் பேசலாம் என்று வந்தேன்.

லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் ஒரு மரப்பெட்டி இருக்கிறது. ரெம்பிராண்டிடம் பயின்ற சாமுவேல் வான் ஹோக்ஸ்ட்ராட்டன் என்ற டச்சு ஓவியர் 1655-க்கும் 1660-க்கும் இடையில் செய்தது. உள்ளே ஒரு வீடு: ஓடு பதித்த தரை, திறந்த கதவுகள், கதவுக்கு அப்பால் இன்னொரு அறை, நடுவில் ஒரு நாய். பெட்டியின் ஒரு பக்கம், வெளிச்சம் வருவதற்காகத் திறந்திருக்கிறது. அந்தப் பக்கமாக எட்டிப் பார்த்தால் எல்லாம் கோணல். நாற்காலி ஒன்றின் கால்கள் தரையில் இழுபட்டுக் கிடக்கும். முதுகு சுவரில் ஏறி நிற்கும். இரு முனைகளிலும் முனைக்கொரு துளை உண்டு. அதில் கண்ணை வைத்த கணத்தில் நாற்காலி நிமிர்ந்து எழுந்து நின்றுவிடும், உட்காரலாம் போல. உள்ளே மரத்தாலான நாற்காலி எதுவும் கிடையாது. வெறும் வண்ணப்பூச்சு. ஓவியர் செய்த வேலையில் பாதி தூரிகையில் நடந்தது. மீதிப் பாதி, துளையை எங்கே போடுவது என்று தீர்மானித்ததில். பார்ப்பவரின் கண்ணை ஓர் இடத்தில் கட்டிப்போட்டுவிட்டால், பலகைக்குள் எத்தனை அறை வேண்டுமானாலும் கட்டலாம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

சிகாகோ கலைக்கழகத்தில் நார்சிசா தோர்ன் அம்மையார் செய்வித்த 68 குறுஅறைகளும் பார்க்க வேண்டியவைதான். ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கு. கைப்பிடியிலிருந்து கம்பளம்வரை அச்சு அசல். வியந்தேன், நகர்ந்துவிட்டேன். பெரிய அறையை அப்படியே சுருக்கிக் கையில் கொடுத்தால், சுருக்கியவரின் பொறுமைதான் தெரிகிறது. அறையைப் பற்றிப் புதிதாக எதுவும் தெரிவதில்லை. இது என் கருத்து. உங்கள் பேராசிரியர்கள் மறுக்கலாம்.

எனக்கு நெருக்கமானவர், பெட்டிகளையே கலையாக்கிய ஜோசப் கார்னல். 1903-இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். எந்தக் கலைக்கல்லூரியிலும் படிக்கவில்லை. படித்த பள்ளியிலும் சான்றிதழ் வாங்காமலே வெளியேறினார். பட்டமளிப்பு விழாவில் சொல்லக்கூடாத செய்தி. முதல்வர் மன்னிக்க வேண்டும். தந்தை சீக்கிரம் இறந்துவிட, துணி விற்பனையாளராக வேலைக்குப் போனார். 1929 முதல் சாகும்வரை நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் ஒரு சிறிய மரவீடு. அம்மா, மூளை முடக்குவாதத்தால் நடமாட முடியாத தம்பி, இவர். அம்மாவும் தம்பியும் தூங்கிய பிறகு சமையலறை மேசையில் பெட்டி வேலை. பிற்பாடு நிலவறைக்கு மாறினார். அமெரிக்காவை விட்டு அவர் வெளியே போனதே இல்லை.

அப்படிப்பட்டவர் ஐரோப்பிய விடுதிகளின் பழைய விளம்பரத் தாள்களை வெட்டிப் பெட்டிக்குள் ஒட்டி 'ஹோட்டல்' வரிசை என்று ஒன்றையே செய்தார். பூச்சின் மேல் பூச்சாக வெள்ளையடித்து, ஓவனில் வைத்து வாட்டி, அந்தச் சுவர்களுக்கு வயதை ஏற்றினார். 1936-இல் செய்த சோப்புக்குமிழிப் பெட்டியில் நிலாவின் வரைபடம் நடுவில் இருக்கும். பக்கத்தில் களிமண் புகைக்குழாய், கோப்பைக்குள் முட்டை, பொம்மைத் தலை. நிலா பெரியதா, முட்டை பெரியதா? வெளியே என்றால் கேள்வியே வராது. கண்ணாடி போட்டு மூடிய பெட்டிக்குள் அளவுகோல் என்று எதுவும் இல்லாததால், இரண்டும் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள்போல இருக்கின்றன.

ஆனாலும் பொருள் நிறைந்த பெட்டிகளைவிட, அவர் பொருள்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துவிட்ட பெட்டிகளே என்னைப் பிடித்து நிறுத்துகின்றன. அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சனை நினைத்து 1953 வாக்கில் ஒன்று செய்தார். டிக்கின்சனும் பிற்காலத்தில் ஆம்ஹர்ஸ்ட் ஊரில் தன் வீட்டைப் பெரும்பாலும் தாண்டாமல் வாழ்ந்தவர். பெட்டி ஒன்றரை அடி உயரம்கூட இல்லை. உள்ளே வெள்ளைச் சுவர், கம்பிவலை, பறவை உட்காரும் குச்சி. பறவை இல்லை. வலையில் ஒரு பகுதி வெட்டித் திறந்திருக்கிறது. பின்சுவரில் ஒரு சன்னல், சன்னல் நிறைய நீலம். அரை அடி ஆழத்துக்கு ஒரு துண்டு நீலம் கொடுக்கிற தூரத்தை நான் வேறெந்தப் பெரிய அரங்க அமைப்பிலும் கண்டதில்லை. அங்கே ஒரு கிளியை ஒட்டியிருந்தால் நம் கண் கிளியோடு நின்றிருக்கும்.

நம்பாதவர்கள் இன்றிரவே செய்து பாருங்கள். செருப்புப் பெட்டி ஒன்று போதும். ஓரத்தில் ஒரு விரல் நுழையும் துளை, மூடியில் ஒரு கீற்று வெட்டி அதன்மேல் டிரேசிங் தாள். அட்டையில் ஓர் ஆளை இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில் வெட்டி உள்ளே நிறுத்தினால், பெட்டி ரயில் நிலையக் கூடம் ஆகிவிடும். அதே ஆளைப் பத்து சென்டிமீட்டரில் வெட்டினால், அவர் தலை இடிக்கும் பரணில் மாட்டிக்கொண்டவர். பெட்டி மாறவில்லை. கீற்றைச் சுவரோரமாக நகர்த்துங்கள். அந்தச் சுவர் மட்டும் உயரும், எதிர்ச்சுவர் இருட்டில் பின்வாங்கும். கடைசியாக ஆளை எடுத்துவிட்டு ஒரு நாற்காலியை மட்டும் வையுங்கள். அப்போது உள்ளே போய் உட்காரப்போவது பார்ப்பவர்தான். கட்டடக்கலை மாணவர்கள் கணினியில் ஆயிரம் கோணம் சுழற்றிப் பார்க்கிறீர்கள். சுழற்றும்போது எல்லாக் கோணமும் சமம். ஒரே ஒரு துளை போட வேண்டும் என்றால்தான், அந்த வீட்டை எங்கிருந்து பார்க்க வேண்டும் என்ற கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

கார்னல் அந்தப் பதிலை ஒருமுறை வித்தியாசமாகச் சொன்னார். 1972 பிப்ரவரியில், நியூயார்க்கின் கூப்பர் யூனியன் கல்லூரியில், குழந்தைகளுக்கென்றே தன் பெட்டிகளைக் காட்சிக்கு வைத்தார். பெட்டிகள் எல்லாம் குழந்தைகளின் கண்மட்டத்தில். வழக்கமான திறப்புவிழா விருந்துக்குப் பதில் பிரவுனியும் செர்ரி கோலாவும். பெரியவர்கள் வேண்டுமானால் குனிந்து பார்த்துக்கொள்ளலாம். அந்த ஆண்டு டிசம்பரிலேயே அவர் காலமானார்.

வரும் வழியில் தாழ்வாரத்தில் உங்கள் இறுதியாண்டுப் படைப்புகளைப் பார்த்தேன். நன்றாக இருக்கின்றன, எல்லாமே ஐந்தடி உயரத்தில் மாட்டியிருக்கின்றன. உங்கள் தம்பி தங்கைகள் நிறையப் பேர் இந்த அரங்கில் இருக்கிறார்கள். விழா முடிந்ததும் நாலைந்து படைப்புகளையாவது மூன்றடிக்கு இறக்கி மாட்டுங்கள். சுவரில் புதிதாக ஆணி அடிக்க முதல்வரிடம் நான் அனுமதி வாங்கிவிட்டேன். சுத்தியல் மட்டும் நீங்கள் கொண்டுவர வேண்டும்.