விற்பவர் சொல்ல வேண்டியதும் வாங்குபவர் கேட்க வேண்டியதும்



அலுவலின் பொருட்டுத் தமிழகத்தைவிட்டு வந்து, மும்பையிலோ பெங்களூரிலோ தில்லியிலோ பல்லாண்டுகள் வாடகை வீட்டில் காலங்கழித்தபின், "இனி இதுவே நம் ஊர்" என்று துணிந்து வீடு வாங்க முற்படும் குடும்பங்கள் பல. அவ்வாறு செலுத்தும் பணம் பெரும்பாலும் சேமநிதியும், மனைவியின் நகையும், ஊரில் விற்ற நிலத்தின் விலையுமாகும். பிறந்த ஊரில் வீடு வாங்குவோருக்குத் தெருவே சாட்சி சொல்லும். இவ்வீட்டில் பங்காளி வழக்கு உண்டு, அந்த அறை தூர்த்த கிணற்றின்மேல் நிற்கிறது என்று திண்ணையில் அமர்ந்திருக்கும் பெரியவரே கூறிவிடுவார். அயல் மாநிலத்தில் நமக்கு அத்தகைய திண்ணை இல்லை. விற்பவரின் வாய்மொழியையே பெரிதும் நம்ப வேண்டியுள்ளது. ஆதலின், எதைச் சொல்ல அவர் சட்டப்படி கடமைப்பட்டவர் என்பதை அறிந்துகொள்வது நலம்.

அமெரிக்காவின் சில மாநிலங்களில், விற்பவர் தம் வீட்டின் குறைகளை அச்சிட்ட படிவமொன்றில் நிரப்பித் தரவேண்டும் என்று விதி உண்டு. நம் நாட்டில் பழைய வீட்டை விற்பவருக்கு அத்தகைய பொதுப்படிவம் இல்லை. ஆனால் கடமை உண்டு. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்தில் 55-ஆம் பிரிவு அதனைக் கூறுகிறது. நாம் மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர்களாகையால், அப்பிரிவின் சொற்களில் சற்றே தங்குவதை நேயர்கள் பொறுத்தருள்வார்களாக.

சொத்திலோ தம் உரிமையிலோ உள்ள முக்கியமான குறையை விற்பவர் வெளியிட வேண்டும். இதற்கு இரு நிபந்தனைகள் உண்டு. அக்குறை அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாங்குபவருக்குத் தெரியாததாகவும், சாதாரணக் கவனத்துடன் பார்த்தாலும் புலப்படாததாகவும் இருக்க வேண்டும். முக்கியமான குறை யாது? முன்னரே அறிந்திருந்தால் நாம் வாங்கியே இருக்கமாட்டோம், அல்லது அவ்விலைக்கு வாங்கியிருக்கமாட்டோம் என்னும் அளவினது. இத்தகைய குறையைச் சொல்லாது விடுவதைச் சட்டம் வஞ்சனை என்றே கருதுகிறது.

'சாதாரணக் கவனம்' என்னும் இரு சொற்களில்தான் நம்மவர் பலர் இடறி விழுகின்றனர். சுவரில் கைந்நுழையும் விரிசல் இருக்கிறது. அதனை விற்பவர் சொல்ல வேண்டியதில்லை, நம் கண்ணே சொல்ல வேண்டும். மாடியை அனுமதியின்றிக் கட்டியதாக மாநகராட்சி அனுப்பிய அறிவிப்பு அவருடைய பெட்டியில் உறங்குகிறது; அதனை நாம் எவ்வாறு காண்போம்? அதை அவர்தாம் சொல்ல வேண்டும். பதிவு அலுவலகத்தில் பார்த்தால் தெரியக்கூடியதைப் பாராமல் விட்டுவிட்டுப் பின்னர் முறையிட்டால், அம்முறையீடு வலுவிழந்துபோகும். அயல்மொழி எழுத்து நமக்குப் படிக்க வராது என்பதை நீதிமன்றம் போதிய காரணமாக ஏற்கும் என்று நம்பியிருத்தல் கூடாது. படிக்கத் தெரிந்தவரைக் கூலி கொடுத்தேனும் அமர்த்திக்கொள்ளல் வேண்டும். வீட்டின் விலையில் அக்கூலி எம்மாத்திரம்?

இனி, இதே பிரிவில் பலரும் கவனியாத மற்றொரு விதி உண்டு. நம் கருத்தில் அதுவே பெரிது. சொத்தையும் உரிமையையும் பற்றி வாங்குபவர் கேட்கும் பொருத்தமான கேள்விகள் அனைத்திற்கும், விற்பவர் தமக்குத் தெரிந்த வரையில் விடை கூற வேண்டும். கேட்டால் உரிமை ஆவணங்களையும் காட்ட வேண்டும். அதாவது, மறைந்த குறைகளைக் கேளாமலே சொல்ல வேண்டியவர், ஏனையவற்றைக் கேட்டால்தான் சொல்லக் கடமைப்பட்டவர். நாமோ கேட்பதற்குக் கூசுகிறோம். பெரிய மனிதர், காப்பி கொடுத்து உபசரித்தார், அவரைக் குறுக்கு விசாரணை செய்வதா என்று எண்ணுகிறோம். கூச்சம் மிகுந்தவர்களுக்கும் ஒரு வழி உண்டு. கேள்விகளைத் தாளில் எழுதிக் கொடுத்து, விடையையும் எழுத்தில் வாங்கி, கையொப்பம் பெற்று, அதனை விற்பனை உடன்படிக்கையோடு இணைத்துவிடலாம். நாளை வழக்கு எழுமானால், 'அவருக்குத் தெரிந்தே இருந்தது' என்பதை மெய்ப்பிக்கும் சுமை நம்மீதுதான் விழும். அப்போது கையில் இருக்கும் தாளே பேசும்.

என்னென்ன கேட்பது? மழைக்காலத்தில் கீழ்த்தளத்தில் நீர் நிற்குமா, சாலையை அகலப்படுத்த அறிவிப்பு வந்ததா, வழக்கு ஏதேனும் நிலுவையில் உண்டா, வேறெவருக்கேனும் முன்பணம் பெற்று உடன்படிக்கை எழுதினாரா என்பன எவரும் கேட்கத்தக்கவை. குடும்பச் சொத்தாயின், பெண்மக்கள் கையொப்பமிட்டனரா என்று தவறாமல் கேட்க வேண்டும். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கொத்த உரிமை உண்டு. பாக்கிகளையும் விடலாகாது. விற்பனை நாள் வரையிலான வரி விற்பவரைச் சேர்ந்தது. ஆயினும் மின்கட்டணத்தில் எச்சரிக்கை வேண்டும். முந்தைய உரிமையாளரின் பாக்கியைத் தீர்த்தால்தான் புதிய இணைப்பு என்று மின்வழங்கு நிறுவனத்தின் விதி இருக்குமாயின், அது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் தீர்ப்பளித்தது.

வில்லங்கச் சான்று ஒன்றே போதும் என்பாரும் உளர். அதில் பதிவான நடவடிக்கைகளே தெரியும். உரிமைப் பத்திரங்களை வங்கியில் ஒப்படைத்துப் பெற்ற கடன் அதில் ஏறாமலும் இருக்கலாம். அத்தகைய அடமானங்களுக்கென 2011 முதல் செர்சாய் என்னும் மத்தியப் பதிவகம் இயங்குகிறது. சிறு கட்டணம் செலுத்தி அதில் எவரும் தேடிப் பார்க்கலாம். பெங்களூரில் 'காத்தா' என்பதைக் காட்டி உரிமைக்கு இதுவே சான்று என்பர்; அது வரிப் பதிவேட்டுக் கணக்கேயன்றி உரிமைப் பத்திரம் அன்று. தில்லியில் பொது அதிகார ஆவணத்தின் பேரில் வீடுகள் கைமாறி வந்தன. அவ்வாறு வாங்குவது உரிமையைத் தராது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தெளிவாக்கிவிட்டது.

கடைசியாக, உடன்படிக்கையின் வாசகம். மேற்கூறிய கடமைகள் யாவும், மாறான ஒப்பந்தம் இல்லாதவிடத்தே பொருந்துவன. "சொத்து உள்ளது உள்ளவாறே விற்கப்படுகிறது, வாங்குபவர் யாவற்றையும் பார்த்துத் திருப்தியடைந்தார்" என்றொரு வரி, ஆங்கிலத்திலோ மராத்தியிலோ நடுப்பக்கத்தில் எங்கேனும் இருக்கும். வங்கிகள் ஏலத்தில் விடும் வீடுகளில் இவ்வாசகம் வழக்கமாகவே காணப்படும். அவ்வரியைக் கண்டால் முன்பணம் கொடுக்குமுன் வழக்கறிஞரிடம் காட்டி, நீக்கவோ திருத்தவோ கேட்கலாம். விற்பவர் இசையாவிட்டால், ஏன் இசையவில்லை என்பதே அவரிடம் நாம் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி.